தொற்றும் தோற்றமும் – 7: காற்றுக்கு வழி வெட்டிய பம்பாய்

பிளேக் காலத்துப் பம்பாயில் பல வீடுகளின் வாசலில் ‘யூ.எச்.எச்.’ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைப் பெயின்டால் எழுதிவைத்தார்கள். மனிதர் குடியிருக்க லாயக்கற்றது என்பதன் சுருக்கம் அது. அதிகாரி சொல்ல, ஊழியர் எழுதிவிட்டுப் போய்விடுவார். உள்ளே இருந்தவர்கள் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டும். எங்கே போவது என்பதைப் பற்றி அந்த மூன்று எழுத்துகள் ஒன்றும் சொல்லவில்லை.

சென்ற இதழில் வெனிஸைப் பார்த்தோம். 1576இல் கொள்ளைநோய் ஊரைச் சூறையாடியபோது அந்நகரத்துச் செனட் கடவுளுக்கு நேர்ந்துகொண்டது. பல்லாடியோவை அழைத்து ரெதென்தோரே தேவாலயத்தைக் கட்டியது. நேர்த்திக்கடன் கட்டடமாக நின்றது. அதற்கு முந்நூற்றிருபது ஆண்டுகள் கழித்து அரபிக்கடலோரத் துறைமுகம் ஒன்றுக்கு அதே நோய் வந்தபோது, நேர்த்திக்கடனுக்குப் பதிலாக ஒரு சட்டமும் ஒரு வாரியமும் ஒரு கோணமும் பிறந்தன. இன்று மும்பையில் தாதரிலோ மாட்டுங்காவிலோ மரநிழலில் நடப்பவர்கள் அந்தக் கோணத்துக்கு உள்ளேதான் நடக்கிறார்கள். பெரும்பாலோருக்கு அது தெரியாது.

1896 செப்டம்பர். துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்வியில் காய்ச்சலும், அக்குளிலும் தொடையிடுக்கிலும் நெறி கட்டுவதுமாக ஆட்கள் விழ ஆரம்பித்தார்கள். அக்காசியோ கேப்ரியல் வியகாஸ் என்ற கோவாக்கார மருத்துவர் இது பிளேக் என்று முதலில் சொன்னார். 1894இல் ஹாங்காங்கைப் பிடித்த நோய் கப்பலேறி வந்திருக்க வேண்டும். மாண்ட்வி முழுக்கத் தானியக் கிடங்குகள். கிடங்குக்கு மேலேயே குடியிருப்பு. மனிதர்கள் விழுவதற்கு முன்பே அங்கே எலிகள் செத்து விழுந்தன. அதைப் பார்த்தவர்கள் நிறையப் பேர். அதற்கு என்ன அர்த்தம் என்று அப்போது யாரும் உறுதியாகச் சொல்லவில்லை.

ஊர் காலியாயிற்று. அடுத்த சில மாதங்களில் நகரத்தில் ஏறக்குறைய பாதிப்பேர் ரயிலிலும் படகிலும் கால்நடையாகவும் வெளியேறினார்கள். ஆலைகளில் தறி ஓட்ட ஆளில்லை. 1891 கணக்கெடுப்பில் 8,21,764 பேர் இருந்த பம்பாயில் 1901இல் 7,76,006 பேர்தான் இருந்தார்கள். பிழைப்பு தேடி ஆண்டுதோறும் ஆள் வந்து குவியும் ஊரில் பத்தாண்டு கழித்து எண்ணினால் தலை குறைகிறது என்றால், நடுவில் நடந்தது என்னவென்று ஊகித்துக்கொள்ளலாம்.

அரசு அப்போது நம்பிய கொள்கை வேறு. நோய் இருப்பது இருட்டில், ஈரத்தில், அழுகலில், நெரிசலில். மண்ணும் சுவரும் காற்றும் அதைச் சுமக்கின்றன என்பது அது. யெர்சின் 1894இலேயே ஹாங்காங்கில் பிளேக் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் கிருமியை ஏற்றுக்கொண்டவர்களும்கூட அது இருட்டு வீட்டில்தான் தங்கி வளர்கிறது என்று சேர்த்து நம்பினார்கள். ஆகவே வைத்தியம் வீட்டுக்கு நடந்தது. பம்பு வண்டி வைத்து உள்ளறை வரைக்கும் மருந்துநீரைப் பீச்சினார்கள். சுவரெல்லாம் சுண்ணாம்பு. சாக்கடையெல்லாம் கார்பாலிக் நெடி. வெயில் உள்ளே விழவேண்டும் என்பதற்காகக் கூரை ஓடுகளைப் பிரித்துப்போட்டார்கள். தலைக்கு மேல் ஆகாயம் தெரிய, நனைந்த சாமான்களுக்கு நடுவில் குடும்பங்கள் உட்கார்ந்திருந்தன.

இதற்கெல்லாம் படங்கள் இருக்கின்றன. கேப்டன் மாஸ் என்ற ராணுவ அதிகாரி எடுத்ததாகக் கருதப்படும் ஆல்பம் ஒன்று 1896–97ஆம் ஆண்டுப் பம்பாயைக் காட்டுகிறது. தெருவில் வரிசையாக நிற்கும் தண்ணீர் பீச்சும் வண்டிகள், சோதனைக்குப் புறப்படும் அதிகாரிகள், மருத்துவமனைக் கொட்டகையின் கட்டில்கள். அரசாங்கம் எவ்வளவு மும்முரமாக வேலை செய்கிறது என்று காட்டவே இப்படி ஆல்பம் போட்டார்கள் என்பது பார்த்த மாத்திரத்தில் புரியும். படங்களில் அதிகாரிகள் கேமராவைப் பார்க்கிறார்கள். நோயாளிகள் பார்ப்பதில்லை. கொள்ளைநோய் ஒன்றை ஆரம்பத்திலிருந்தே கேமரா பின்தொடர்வது அநேகமாக இந்தக் காலத்தில்தான் தொடங்குகிறது. 2020இல் நாம் பார்த்துச் சலித்த கிருமிநாசினி தெளிக்கும் படங்களுக்கு மூதாதை இந்த ஆல்பம்.

கலைஞர்கள் பாடு என்ன ஆயிற்று? ஒருவரைச் சொன்னால் போதும். ரவி வர்மா 1894இல் பம்பாய் கிர்காவில் அச்சகம் தொடங்கியிருந்தார். ஜெர்மனியிலிருந்து இயந்திரம், ஜெர்மன் தொழில்நுட்பர்கள், அச்சாகும் லட்சுமி, சரஸ்வதி. தொழில் சூடுபிடிக்கும் நேரத்தில் பிளேக் வந்து சேர்ந்தது. வேலையாட்கள் ஓடிவிட்டார்கள், கடன் ஏறியது. நூற்றாண்டு முடிவதற்குள் அச்சகம் மூட்டை கட்டிக்கொண்டு லோனாவலாவுக்கு அருகே மளவலி என்ற சிற்றூருக்குப் போனது. சில ஆண்டுகளில் அதை ஷ்லெய்ஷர் என்ற ஜெர்மானியருக்கே விற்றுவிட்டார்கள். ஓவியரின் கையைவிட்டுப் போன பிறகுதான் அந்த அச்சுப்படங்கள் நாடெங்கும் வெள்ளமாகப் பாய்ந்தன. தீப்பெட்டி, காலண்டர், பூஜையறை என்று எல்லா இடத்துக்கும் வந்தன. நம் பாட்டிமார் குங்குமம் வைத்து வைத்து முகம் சிவந்துபோன லட்சுமி படத்துக்கும் மாண்ட்வி எலிக்கும் இப்படி ஒரு தூரத்து உறவு உண்டு.

அதே அச்சகத்தோடு பிற்பாடு தொழில் செய்தவர்களில் ஒருவர் தாதாசாகேப் பால்கே. குஜராத்தின் கோத்ராவில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவர், 1900ஐ ஒட்டி வந்த பிளேக்கில் முதல் மனைவியையும் குழந்தையையும் பறிகொடுத்து ஊரைவிட்டே கிளம்பினார். அச்சுக்கலைக்கு வந்தது அதற்குப் பிறகு. சினிமாவுக்கு வந்தது அதற்கும் பிறகு. ‘ராஜா ஹரிச்சந்திரா’ வெளியானது 1913இல். பிளேக் வந்ததால்தான் சினிமா வந்தது என்று எழுதினால் அது புளுகு. ஆனால் அந்தத் தலைமுறைக் கலைஞர்களின் வாழ்க்கை எதைப் புரட்டினாலும் நாலாவது ஐந்தாவது பக்கத்தில் இந்த நோய் வந்து நிற்கிறது.

சரி, ஊருக்கு வருவோம்.

1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் சட்டம் நிறைவேறி, அந்த ஆண்டு நவம்பரில் டிரஸ்ட் வேலையைத் தொடங்கியது. கவர்னராக இருந்தவர் சாண்ட்ஹர்ஸ்ட் பிரபு. நெரிசலான வீடுகளை இடிப்பது, காற்றோட்டமான தெரு போடுவது, ஏழைகளுக்கு வீடு கட்டுவது, வடக்கே காலியாகக் கிடந்த நிலத்தைத் திருத்திப் புதுக் குடியிருப்பு அமைப்பது எல்லாம் அதன் பொறுப்பு. இந்தியாவில் இந்த மாதிரி வாரியம் இதுதான் முதல். கல்கத்தா உள்ளிட்ட ஊர்கள் பிறகு இதைப் பார்த்து அமைத்துக்கொண்டன.

முதலில் தெரு. கடல் மேற்கே இருக்கிறது. நெரிசல் கிழக்கே இருக்கிறது. நடுவில் வீடுகள் மதில்போல அடைத்து நிற்கின்றன. அந்த அடைப்பில் கிழக்கு–மேற்காக இரண்டு கீறல் போட்டால் கடற்காற்று நேரே உள்ளூருக்குள் போய்ச் சேரும் என்று கணக்குப் போட்டார்கள். அப்படி வெட்டியவைதான் பிரின்சஸ் தெருவும் சாண்ட்ஹர்ஸ்ட் சாலையும். இன்று ஷாமல்தாஸ் காந்தி மார்க் என்றும் சர்தார் வல்லபபாய் படேல் சாலை என்றும் பெயர் மாறியிருக்கின்றன. வடக்கு தெற்காக வெட்டிய சிடன்ஹாம் சாலை பின்னால் முகமது அலி சாலை ஆயிற்று. ரம்ஜான் மாதத்தில் இரவெல்லாம் கபாப் புகை மணக்கும் அதே சாலை. வண்டி போவதற்காகத் தெரு போடுவதுதான் உலக வழக்கம். காற்று போவதற்காகப் போட்டது பம்பாய்.

அடுத்து வீடு. பழைய பம்பாய் வீட்டின் அமைப்பைப் புரிந்துகொள்ள ஒரு சந்தினைக் கற்பனை செய்ய வேண்டும். இரண்டு மூன்று மாடிக் கட்டடம் ஒன்று. பக்கத்தில் அதேபோல் இன்னொன்று. நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்து நடக்கும் அளவு இடைவெளி. அதற்குப் பெயர் ஹவுஸ் கல்லி. கழிவறைக் கூடைகளை எடுக்கத் துப்புரவுத் தொழிலாளி வந்துபோகும் வழி அது. மேலேயிருந்து எறியும் குப்பையும் கொட்டும் கழுநீரும் அங்கேதான் விழும். வெளிச்சம் விழாது. உள்ளறைகளின் ஜன்னல்கள் இந்தச் சந்தைப் பார்த்தே திறக்கும், அதாவது திறக்கவே திறக்காது. கட்டடம் ஆழமாக இருந்தால் நடு அறைகளுக்கு அந்த ஜன்னலும் கிடையாது; பட்டப்பகலில் சிம்னி விளக்கு எரியும்.

இதற்கு ஒரு அளவுகோல் கண்டவர் ஜே. பி. ஓர். ஐ.சி.எஸ். அதிகாரி, டிரஸ்டின் தலைவர். 1912இல் வீடுகளில் வெளிச்சமும் காற்றும் என்பது பற்றி அவர் ஆற்றிய சொற்பொழிவு நகரத் திட்ட வரலாற்றில் இன்றும் பேசப்படுகிறது. அவர் சொன்னது சிக்கலானது அல்ல. உன் வீட்டுச் சுவரின் அடியில் நின்று எதிர்க்கட்டடத்தின் உச்சியைப் பார். அந்தப் பார்வைக் கோடு தரையோடு 63½ பாகைக்கு மேல் நிமிரக் கூடாது. நிமிர்ந்தால் கீழ்வீட்டுக்கு ஆகாயம் இல்லை என்று பொருள். முக்கோணக் கணக்குத் தெரிந்தவர்கள் போட்டுப் பார்க்கலாம்: எதிர்க்கட்டடத்தின் உயரத்தில் பாதியளவாவது நடுவில் வெட்டவெளி இருக்க வேண்டும். நாற்பதடி உயரத்துக்கு இருபதடி இடைவெளி. அவ்வளவுதான் விதி. ஒரு நகரத்தின் கட்டடக்கலைக்கு இலக்கணம் எழுத இந்த ஒரு வரி போதுமாக இருந்தது.

டிரஸ்ட் தன் நிலங்களில் இதைக் கட்டாயமாக்கியது. பழைய ஊரில் அது முடியவில்லை. அங்கே ஒவ்வொரு சதுர அடியும் வாடகை. வீட்டுக்காரர்கள்தான் நகராட்சிக்கு ஓட்டுப் போடுபவர்கள். ஓர் எவ்வளவு வரைபடம் காட்டியும் அந்த வாக்காளர்களின் கணக்குக்கு முன்னால் அவர் முக்கோணம் எடுபடவில்லை.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வேடிக்கை என்று சொல்வதுகூடக் கொடுமைதான். டிரஸ்ட் பிறந்த அதே 1898இல் கராச்சியில் பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர், பிளேக்கை எலியிடமிருந்து மனிதனுக்குக் கொண்டுவருவது தெள்ளுப்பூச்சி என்று சோதனையில் காட்டினார். அப்போது யாரும் அவரைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1905க்குப் பிறகு பம்பாய் பரேலில் ஆய்வு நடத்திய பிளேக் கமிஷன்தான் அதை ஐயந்திரிபற நிறுவியது. அதற்குள் டிரஸ்ட் எத்தனையோ தெருக்களை இடித்து முடித்திருந்தது. இடித்த வீட்டு எலி பக்கத்து வீட்டுக்குப் போயிற்று. இடித்த வீட்டு மனிதர்களும் பக்கத்து வீட்டுக்குத்தான் போனார்கள், ஏனென்றால் துறைமுகத்திலும் மில்லிலும் வேலை பார்ப்பவன் வேலையிடத்துக்கு நடந்து போகும் தூரத்தில்தான் இருக்க முடியும். ஒரு தெருவின் நெரிசலைக் குறைத்து அடுத்த தெருவின் நெரிசலைக் கூட்டினார்கள். முதல் இருபது ஆண்டுகளில் டிரஸ்ட் இடித்த குடியிருப்புகளுக்கு ஈடாகக் கட்டியவை வரவில்லை.

கட்டியவைதான் டிரஸ்டின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கத்தைத் தாங்கிய பி.ஐ.டி. சால்கள். சால் என்றால் பம்பாய்த் தமிழருக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு நடையை ஒட்டி வரிசையாக ஒற்றை அறைகள், அறைக்கு ஒரு குடும்பம், மாடிக்கு ஒரு பொதுக் குழாயடி, பொதுக் கழிவறை. தனியார் கட்டிய சால்கள் ஏற்கெனவே ஊரெங்கும் இருந்தன. டிரஸ்ட் செய்த வித்தியாசம், கட்டடங்களுக்கு நடுவில் இடம் விட்டது. ஒவ்வொரு அறைக்கும் வெளிச்சுவரில் ஜன்னல் வைத்தது. அக்ரிபாடாவில் தொடங்கி நாக்பாடா, பரேல் என்று எழுந்தன. உள்ளே ஐந்தாறு பேர் படுத்தால் ஆறாவது ஆளின் கால் நடைக்கு வந்துவிடும் அளவு அறை. அதுவும் அடிமட்டக் கூலிக்காரனுக்குக் கட்டுபடியாகாத வாடகை.

பரேலில் அப்படிப்பட்ட ஒரு பி.ஐ.டி. சாலில் இரண்டாம் மாடியில் 50, 51 எண்ணிட்ட அறைகளில் 1912 முதல் 1934 வரை ஒரு குடும்பம் வாழ்ந்தது. பிள்ளையின் பெயர் பீமாராவ் அம்பேத்கர். இடையில் அவர் கொலம்பியா போனார், லண்டன் போனார், பட்டங்களோடு திரும்பினார். திரும்பி வந்தது அதே சாலுக்குத்தான். மகாத் சத்தியாகிரகத்துக்குப் புறப்பட்ட நாட்களிலும் இதுதான் வீட்டு முகவரி. ஒரு அறையில் குடும்பம், இன்னொன்றில் புத்தகமும் படிப்பும் வந்துபோகும் மனிதர்களும். பொதுக் குளத்தில் தண்ணீர் எடுக்கும் உரிமைக்காகப் போராடியவர் பொதுக் குழாயடி வாழ்க்கையை எட்டத்திலிருந்து பார்த்தவர் அல்ல.

1930களின் தொடக்கத்தில் அவர் தமக்கென ஒரு வீடு கட்டினார். பெயர் ராஜகிருகம். பாதி வீடு புத்தகத்துக்கு. இடம், தாதர் ஹிந்து காலனி. அதுவும் அதே டிரஸ்ட் திருத்தி மனை பிரித்த நிலம். பரேல் சாலிலிருந்து தாதர் மனைக்குத் தூரம் சில கிலோமீட்டர்தான். பிளேக் வாரியம் கட்டிய இரண்டு உலகங்களுக்கு நடுவில் இருந்த தூரம் அதைவிடப் பெரிது. ஒரு தலைமுறையில் அதைக் கடந்தவர்கள் மிகச் சிலர்.

தாதர்–மாட்டுங்கா திட்டத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1899–1900இல் காகிதத்தில் போட்ட திட்டம். அப்போது அங்கே இருந்தவை நெல்வயலும் தென்னந்தோப்பும் சதுப்பும் சிறு கிராமங்களும். நிலம் கையகப்படுத்தி, மேடாக்கி, சாக்கடை இறக்கி, சாலை போட்டு மனை கொடுக்கவே இருபது ஆண்டு பிடித்தது. பிளேக் தணிந்துவிட்டது, திட்டம் தணியவில்லை. வளைந்து செல்லும் தெருக்கள், வட்டப் பூங்கா, சாலையோர மரம், மனையில் ஒரு பகுதியை மட்டும் கட்ட அனுமதி, நான்கு புறமும் வெட்டவெளி. டிரஸ்டில் பொறியாளராக இருந்த மஞ்சர்ஜி ஜோஷி நடுத்தரப் பார்சிகளுக்கென்று மனைகளை ஒதுக்கவைத்து பார்சி காலனியை உண்டாக்கினார். ஃபைவ் கார்டன்ஸ் என்ற ஐந்து பூங்காக்கள் இன்று அவர் பெயரில் இருக்கின்றன. தெருவுக்குத் தெரு வெவ்வேறு மரம் வைத்தார் என்பார்கள். போய்ப் பார்த்தால் நம்பத் தோன்றும்.

டிரஸ்ட் மனத்தில் இருந்தது இங்கிலாந்துப் பாணித் தனிவீடு, முன்னால் தோட்டம். வந்து சேர்ந்தவர்கள் வேறு ஆட்கள். ரயில்வே, வங்கி, அரசாங்க அலுவலகங்களில் குமாஸ்தாவாகவும் சுருக்கெழுத்தராகவும் சேர்ந்த தென்னிந்தியர்கள், அவர்களிலும் பெருமளவு தமிழ் பிராமணர்கள், மாட்டுங்காவுக்கு வந்தார்கள். தனிவீடு கட்ட யாரிடம் பணம்? மனை வாங்கியவர்கள் மூன்று மாடி எழுப்பி வாடகைக்கு விட்டார்கள். அப்படித்தான் இரண்டறையும் சமையலறையும் தனிக் கதவும் கொண்ட பிளாட் என்பது நடுத்தர வர்க்கத்து வீடானது.

அந்தப் பிளாட்டுக்குள் நடந்த பெரிய மாற்றம் கழிவறைதான். அக்ரஹாரத்து வீட்டில் அது கொல்லைக் கோடியில் இருந்தது. சாலில் நடையின் கோடியில். ஒரே கூரைக்குக் கீழே, சமையலறைக்குப் பத்தடி தள்ளி அதை வைப்பது என்பது அன்றைய ஆசாரக் குடும்பங்களுக்கு வயிற்றைக் கலக்கும் விஷயம். டிரஸ்ட் போட்ட பாதாளச் சாக்கடையும் தண்ணீர் ஊற்றினால் அடித்துச் செல்லும் பீங்கானும் அந்தத் தயக்கத்துக்கு ஒரு சமரசம் கொடுத்தன. குளியலறை தனி, கழிவறை தனி. இரண்டும் வீட்டின் பின்கோடியில். அதற்குத் துப்புரவுத் தொழிலாளி வந்துபோகத் தனி வழி, பல கட்டடங்களில் பின்புறம் ஒரு ஒடுங்கிய படிக்கட்டு. டிரஸ்ட் ஒழிக்க நினைத்த ஹவுஸ் கல்லி இரும்புப் படிக்கட்டாக எழுந்து நின்றது. நோய்ப்பயமும் சாதியும் சேர்ந்து போட்ட வரைபடம் இது. கட்டடக்கலைப் புத்தகங்கள் முன்னதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டுப் பின்னதைக் கண்டும் காணாமல் போய்விடுகின்றன.

1930களில் சிமென்ட் கான்கிரீட் மலிந்தபோது இந்த மனைகளில் ஆர்ட் டெகோ கட்டடங்கள் எழுந்தன. வளைந்த பால்கனி, ஜன்னலுக்கு மேல் இமைபோல் நீளும் கான்கிரீட் பட்டை, படிக்கட்டுக்கு நெட்டுக்குத்தான கண்ணாடி, மொசைக் தரை. மரைன் டிரைவும் ஓவல் மைதானத்து வரிசையும் யுனெஸ்கோ பட்டியலில் ஏறி (2018) உலகப்புகழ் பெற்றுவிட்டன. கடலைத் தூர்த்த நிலத்தில் எழுந்த அவற்றின் கதை வேறு. மாட்டுங்கா கட்டடங்கள் அவ்வளவு மினுக்கு இல்லை. ஆனால் நான்கு புறமும் வெளி விட்டே ஆகவேண்டும் என்றதால் நான்கு பக்கமும் முகம் கொண்ட கட்டடங்கள் அவை. எந்தப் பக்க அறையில் நின்றாலும் வெளிச்சம் உண்டு. அப்படி வளர்ந்த பேட்டையில்தான் 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தின் பள்ளி தொடங்கியது. அதை அடுத்து கச்சேரிகளும் பூக்கடைகளும் டிகிரி காப்பியும் வந்தன. 1933இல் டிரஸ்ட் மாநகராட்சியோடு கலந்துவிட்டது.

இடித்துத் திருத்துவதே ஒரே வழியா என்று அக்காலத்திலேயே கேட்டவர் பேட்ரிக் கெடிஸ். ஸ்காட்லாந்துக்காரர், தாவரவியல் படித்தவர். 1915இல் மதுரை, தஞ்சாவூர் உள்ளிட்ட சென்னை மாகாண ஊர்களைச் சுற்றி அறிக்கை எழுதியிருக்கிறார். 1919 முதல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். நேர்க்கோட்டில் தெரு வெட்டி ஆயிரம் பேரை வீதியில் விடுவதைவிட, எந்த வீடு இடிந்து விழுந்துகொண்டிருக்கிறதோ அதை மட்டும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு முற்றமோ மரமோ வைக்கலாம் என்பது அவர் கட்சி.

அவர் இந்தூரில் செய்ததை அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியவர்கள் விரிவாகச் சொல்லியிருக்கிறார்கள். 1917–18இல் அந்தச் சமஸ்தானம் நகரத் திட்டம் போட அவரை அழைத்தது. ஊரில் பிளேக். அதிகாரிகள் என்றாலே மக்கள் ஓடுகிறார்கள். கெடிஸ் ராஜாவிடம் ஒருநாள் மட்டும் ஊரைத் தன்னிடம் கொடுக்கச் சொன்னார். அவ்வாண்டுத் தீபாவளி ஊர்வலம் வழக்கமான பாதையில் போகாது, எந்தத் தெருக்காரர்கள் வீட்டையும் வாசலையும் அதிகம் சுத்தம் செய்திருக்கிறார்களோ அந்தத் தெரு வழியாகப் போகும் என்று முரசறைந்தார்கள். ஊரே விளக்குமாறும் சுண்ணாம்புமாக இறங்கியது. ஊர்வலத்தில் யானை, குதிரை, தொழில்களைக் காட்டும் வண்டிகள். அழுக்கரக்கன் என்று ராவணன் பாணியில் ஒரு ராட்சத பொம்மை. பின்னால் மிகப்பெரிய பிளேக் எலி ஒன்று. அதன் உடம்பெல்லாம் தெள்ளுப்பூச்சிகள் அசைந்து துடிக்கும்படி செய்துவைத்திருந்தார்கள். துப்புரவுத் தொழிலாளர்கள் புத்தாடையும் மாலையுமாக நடந்தார்கள். கடைசியில் அரக்கனையும் எலியையும் கொளுத்திவிட்டு, வந்தவர்களுக்குத் துளசிச் செடி கொடுத்து அனுப்பினார்கள்.

எலியும் தெள்ளும்தான் காரணம் என்று பம்பாயில் அறிவியலறிஞர்கள் அறிக்கை எழுதிப் பத்தாண்டு ஆகியிருந்தது. சாதாரண ஜனங்களுக்கு அதை ஒரே சாயங்காலத்தில் புரியவைத்தது மூங்கிலும் காகிதமும் கொண்டு செய்த ஒரு பொம்மை. கொள்ளைநோய்க்குக் கலை என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்களுக்கு இந்தத் தொடரில் இதுவரை வந்தவற்றில் நான் முதலில் காட்டுவது இந்த எலியைத்தான். ரெதென்தோரேயைக்கூட அப்புறம்தான் காட்டுவேன்.

பம்பாய் டிரஸ்டைப் பற்றி என் தீர்ப்பு இதுதான். நோய்க்கான காரணத்தைத் தவறாகக் கணித்து, நல்ல வீட்டுக்கான இலக்கணத்தைச் சரியாக எழுதிவிட்டார்கள். எலியால் வரும் பிளேக்குக்கு வெளிச்சம் மருந்தில்லை. ஆனால் காற்றில் பரவும் காசநோய்க்கு வெளிச்சமும் காற்றோட்டமும் பெரிய தடுப்பு. அந்த நாளிலும் பம்பாய் ஏழைகளை ஓசையில்லாமல் தின்றுகொண்டிருந்தது காசநோய். தாங்கள் எதற்கு மருந்து கண்டோம் என்று தெரியாமலேயே கண்ட மருந்து. அதை வாடகை கொடுக்க முடிந்தவர்களுக்கு மட்டும் கொடுத்தார்கள் என்பதுதான் குற்றம்.

அந்தக் குற்றம் இன்னும் தீரவில்லை. மும்பையின் கிழக்கே கோவண்டியில் நட்வர் பாரேக் காம்பவுண்ட், அதற்குப் பக்கத்து மான்கூர்டில் லல்லுபாய் காம்பவுண்ட் என்று மறுகுடியமர்வுக் குடியிருப்புகள் இருக்கின்றன. ரயில் பாதைக்கும் சாலைத் திட்டங்களுக்கும் இடம் கொடுத்துவிட்டு வந்த குடும்பங்கள் அங்கே வாழ்கின்றன. ஏழு எட்டு மாடிக் கட்டடங்கள். நடுவில் பல இடங்களில் 3 மீட்டர், அதாவது பத்தடிதான் இடைவெளி. கீழ்மாடிகளில் பகலிலும் விளக்கு எரிகிறது. ஜன்னலைத் திறந்தால் குப்பை நாற்றம் என்று அடைத்தே வைத்திருக்கிறார்கள். டாக்டர்ஸ் ஃபார் யூ என்ற தொண்டு நிறுவனமும் ஐஐடி பம்பாயும் இங்கே நடத்தி 2018இல் வெளியான ஆய்வு, இந்தக் கட்டட அமைப்புக்கும் இங்குள்ள காசநோய்க்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. ஓர் சொன்ன கணக்கைப் போட்டால் எழுபதடி உயரக் கட்டடத்துக்கு முப்பத்தைந்து அடி வெளி வேண்டும். நூறாண்டுக்கு முன் காலனி அரசின் அதிகாரி ஒருவர் மனிதர் வாழக் குறைந்தபட்சம் என்று வகுத்ததில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. 63½ பாகை விதி தெரியாமல் கட்டியவை அல்ல இவை. மறுகுடியமர்வு என்றால் விதியைத் தளர்த்திக்கொள்ளலாம் என்று இன்னொரு விதி எழுதிக் கட்டியவை.

அடுத்த இதழில் பெங்களூரின் மல்லேஸ்வரம், பசவனகுடிக்கும் அங்கிருந்து கோவைக்கும் போகிறோம். கோவை வட்டாரத்தில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் பூஜையோடு இருக்கின்றன. உங்கள் ஊரில் அப்படி ஒரு கோயில் இருந்து, அம்மன் சிலையைப் பற்றியோ திருவிழாவைப் பற்றியோ பெரியவர்கள் சொன்ன சேதி இருந்தால், ஒரு பழைய புகைப்படம் இருந்தால் இன்னும் நல்லது, ஆசிரியர் முகவரிக்கு எழுதி அனுப்புங்கள்.

(தொடரும்)